உருகும் சரக்கு

விருதுநகரிலிருந்து சிவகாசி நோக்கிச் செல்லும் நெடுவழியின் இருமருங்கும் முதலில் கண்ணிற் படுவது மண்ணின் வறட்சியே. கரிய மண் வெடித்துக் கிடக்கும். இடையிடையே உடைமரங்கள் நிற்கும். பனைகள் தனித்தனியே தலைதூக்கி நிற்கும். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் ஆறு என்னும் பெயரைத் தாங்கினும் ஆண்டின் பெரும்பகுதியில் மணலையே தாங்கிக் கிடப்பன. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெறும் அவ்வட்டாரத்தில் உழவை மட்டும் நம்பி வாழ்தல் அரிது. ஆயினும் அவ்வறட்சியையே தம் முதலாக்கிக் கொண்டனர் அந்நாட்டு மக்கள். ஈரமற்ற காற்றும் ஓயாத வெயிலும் தீக்குச்சி உலர்வதற்கும் வெடிமருந்து நமத்துப் போகாதிருப்பதற்கும் ஏற்றவை அல்லவா? 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா நகரம் சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று மீண்டனர். அவர்கள் ஊன்றிய வித்தே பின்னர்ப் பட்டாசுத் தொழிலாகவும் அச்சுத் தொழிலாகவும் கிளைத்தது. இந்திய நாட்டில் வெடிக்கப்படும் பட்டாசில் பெரும்பகுதி இன்றும் சிவகாசி வட்டாரத்திலேயே உருவாகின்றது.

நெருப்பை விற்று வாழும் அந்நிலத்தில் பிறந்த ஒருவர், கையிலிருந்த வேலையை விட்டுப் பனிக்கட்டியை விற்கப் புறப்பட்டார். அவர் வரலாற்றைக் கூறுமுன், வெயில் நாட்டில் குளிர்ச்சி எவ்வாறு விலைப்பொருள் ஆயிற்று என்பதைச் சிறிது காண்போம்.

வேட்கை தணிக்கும் பானங்களுக்கு நம் நாட்டில் என்றும் குறைவில்லை. வெல்லமும் எலுமிச்சைச் சாறும் சுக்கும் ஏலமும் கூட்டிய பானகம், பனை தரும் பதநீர், நுங்கு, நீர்மோர், நன்னாரி வேர் மணக்கும் சர்பத் என அவை பலவாம். இவற்றுள் சர்பத் என்னும் சொல் நெடுந்தொலைவு நடந்து வந்த சொல். பருகுதலைக் குறிக்கும் அரபுச் சொல்லடியாகப் பிறந்து, பாரசீகத்தின் வழியே அது நம் நாட்டை அடைந்தது. அச்சொல்லே துருக்கி நாட்டின் வழியே இத்தாலிக்குச் சென்று, அங்குப் பழச்சாற்றையும் சர்க்கரையையும் உறையவைத்து உண்ணும் பண்டத்திற்குப் பெயராயிற்று. கடைத்தெருவிற் கிடைக்கும் சர்பத்தும் மேலைநாட்டார் விருந்தின் உறைந்த பழச்சாறும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே.

ஆயினும் உறைந்த நீர் தமிழர்க்கு அரிய பொருளாகவே இருந்தது. சங்கப் புலவர் ஆலி என்று கூறியது வானினின்று விழும் ஆலங்கட்டியை. அது விழுந்த சிறிது நேரத்தில் மறைந்து போகும். அதனைச் சேர்த்து வைப்பாரும் இல்லை, விற்பாரும் இல்லை. பனிக்கட்டியை வாணிகப் பொருளாக நம் நாட்டிற்கு அனுப்பியவர் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத்து வணிகராகிய பிரெடரிக் டியூடர் என்பவர். குளிர்காலத்தில் குளங்களில் உறைந்த நீரைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளிற் பொதிந்து, 1833-ஆம் ஆண்டில் கல்கத்தாவிற்குக் கப்பலேற்றினார் அவர். ஏறக்குறைய நான்கு திங்கள் கடலில் வந்த அக்கப்பலில் ஏற்றியது 180 டன் என்றும், கரை சேர்ந்தது 100 டன் அளவே என்றும் கூறுவர். எஞ்சியதெல்லாம் வழியிலேயே நீராயிற்று. கிட்டத்தட்டப் பாதிச் சரக்கை இழந்தும் அவ்வாணிகம் நிலைத்தது என்றால், வெயிலில் வாடியவர் குளிர்ச்சிக்கு எவ்வளவு விலை கொடுக்க அணியமாக இருந்தனர் என்பது விளங்கும். சென்னைக் கடற்கரையில் 1842-ஆம் ஆண்டில் எழுந்த ஐஸ் ஹவுஸ் என்னும் கட்டடம் அப்பனிக்கட்டியைக் காத்து வைப்பதற்கென்றே அமைந்தது. 1897-இல் விவேகானந்தர் அங்குத் தங்கியமையால் அது இன்று விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்று விளங்குகின்றது. பனிக்கட்டியைச் செய்யும் எந்திரங்கள் வந்தபின் கடல்கடந்து வந்த பனிக்கட்டிக்கு வேலை இல்லாது போயிற்று.

குளிர்பானத்தை ஒரு தொழிலாக நடத்தும் துணிவும் விருதுநகருக்குப் புதிதன்று. 1916-ஆம் ஆண்டில் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் அவ்வூரில் சோடா செய்யும் தொழிலைத் தொடங்கினார். அதுவே காளிமார்க் என்னும் பெயரால் நூறாண்டுகளைக் கடந்து நிற்கின்றது. திராட்சையின் மணம் கமழும் பொவண்டோ என்னும் அதன் பானத்தைத் தென்தமிழ் நாட்டில் அறியாத சிறுவர் இலர். அயல்நாட்டுப் பெருநிறுவனங்கள் எத்தனையோ வந்தும் அதன் சுவையை மக்கள் மறக்கவில்லை.

இனி, நாம் கூற எடுத்துக்கொண்டவர் பிறந்த ஊருக்கு வருவோம். சிவகாசியை அடுத்துள்ள திருத்தங்கல் மிகப் பழைய ஊர். குன்றின்மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் திருப்பதி அது. தங்கால் என்னும் பெயரால் சங்கப் புலவர் சிலர் பெயரோடு இணைந்து வழங்கும் ஊரும் அதுவே. அப்புலவருள் வெண்ணாகனார் என்பார் பொற்கொல்லர். சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையிலும் அவ்வூர் பேசப்படுகின்றது. குற்றமற்ற வார்த்திகன் என்னும் அந்தணனை அரசன் ஏவலர் சிறையிட, பின்னர் உண்மை உணர்ந்த பாண்டியன் அவனை விடுவித்து அவ்வூரை அவனுக்கு உரிமையாக்கினான் என்பது அங்குக் கூறப்படும் செய்தி. கைத்தொழிலும் புலமையும் ஒருங்கே வளர்ந்த அம்மூதூரில் 1949-ஆம் ஆண்டில் பிறந்தவர் ஆர்.ஜி. சந்திரமோகன். அந்நாளில் அவ்வூர் இராமநாதபுர மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1985-இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபின்னரே இன்றைய விருதுநகர் மாவட்டப் பகுதி தனி மாவட்டமாயிற்று.

சந்திரமோகன் கல்லூரிப் படிப்பை முடித்துப் பட்டம் பெற்றவர் அல்லர். இளமையிலேயே ஒரு மரக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். திங்கள் ஊதியம் 65 ரூபாய். இத்தொகை இன்று சிறிதாகத் தோன்றலாம். அன்றும் அது பெருந்தொகை அன்று. எனினும் அதற்கு ஒரு சிறப்பு உண்டு. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் திங்கள் முடிந்தால் அது கைக்கு வரும். வானம் பார்த்த பூமியில் பிறந்தவர்க்கு அவ்வுறுதியின் அருமை பிறரினும் நன்கு தெரியும். ஆதலின், 'சிறிதாயினும் நிலையான சம்பளம்' என்று பெற்றோர் விரும்புவதை அறியாமை என்று எள்ளுதல் தகாது.

ஓராண்டளவில் அவ்வேலையை விட்டார் சந்திரமோகன். குடும்பச் சொத்தை விற்றுத் திரட்டிய 13,000 ரூபாயை முதலாகக் கொண்டு, 1970-ஆம் ஆண்டில், தம் இருபத்தோராம் வயதில், சென்னை இராயபுரத்தில் 250 சதுர அடி இடமொன்றில் குச்சி ஐஸ் செய்யத் தொடங்கினார். உடன் உழைத்தவர் மிகச் சிலரே.

இங்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று. 65 ரூபாய் ஊதியத்தில் ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும் 13,000 ரூபாய் சேர 200 திங்கள், அஃதாவது பதினாறு ஆண்டு எட்டுத் திங்கள் ஆகும். அவர் விட்டது ஓர் ஊதியத்தை மட்டும் அன்று. அவ்வூதியம் பதினாறு ஆண்டிலும் மீட்டுத்தர இயலாத ஒரு தொகையையும், குடும்பத்தின் கைப்பொருளையும், ஒருங்கே ஒரு சரக்கின்மேல் வைத்தார். அச்சரக்கோ வெயிலில் சில நிமிடம் நின்றால் நீராய் ஓடுவது! வேலையை விடும் துணிவைப் போற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இக்கணக்கைச் சொல்வதில்லை.

குச்சி ஐஸ் செய்தல் பார்ப்பதற்கு எளிது. தூய நீரில் சர்க்கரையைக் கரைத்துப் பழச்சாறோ மணப்பொருளோ சேர்த்து, உலோக அச்சுகளில் ஊற்றி, அச்சுகளை உப்புநீர்த் தொட்டியில் அமிழ்த்துவர். தொட்டிக்குள் ஓடும் குழாய்களில் அம்மோனியா முதலிய பொருள் நீர்மநிலையிலிருந்து ஆவியாகும். ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தைக் கவர்ந்து கொள்ளும். வெறும் நீராயின் தொட்டியே உறைந்துவிடும். உப்புநீர் பூச்சியப் பாகைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் நிற்கும். அதனுள் அமிழ்ந்த அச்சிலுள்ள சர்க்கரைநீர் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உறையும். நடு இறுகுமுன் குச்சியை நட்டுவிட வேண்டும். உறைந்தபின் அச்சை நொடிப்பொழுது வெதுவெதுப்பான நீரில் தோய்த்தால் ஐஸ் கழன்று வரும். மெல்லிய குச்சியின் நுனியில் நெருப்பை வைத்து விற்பது சிவகாசி. அதே போன்றதொரு குச்சியின் நுனியில் குளிரை வைத்து விற்றார் சிவகாசியின் அண்டை ஊரார்.

செய்முறை எளிதாயினும் அளவு பிழைத்தால் பண்டம் கெடும். சர்க்கரை கரைந்த நீர் வெறும் நீரைவிடத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே உறையும். சர்க்கரை குறைந்தால் பல்லுக்கு எட்டாத கல்லாகும்; மிகுந்தால் எவ்வளவு குளிரூட்டினும் குழம்பாகவே நிற்கும். கடைந்து செய்யும் உறைபழச் சாற்றில் நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு சர்க்கரை இருப்பது நன்று. பழத்தின் இயற்கைச் சர்க்கரையும் இக்கணக்கிற் சேரும். குளிர்ந்த பொருளில் நாவுக்கு இனிப்புக் குறைந்தே தோன்றும் என்பதையும் மறத்தலாகாது. சுவைத்துப் பார்க்கும்போது சற்றே மிகுதியாகத் தித்தித்தால்தான் உறைந்தபின் அளவாக இருக்கும்.

மின்குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டிலும் இதனைச் செய்யலாம். நன்கு கனிந்த இராசபாளையத்துச் சப்பட்டை மாம்பழத்தைப் பிசைந்து, நாரை வடித்து, சர்க்கரைப் பாகும் சிறிது எலுமிச்சைச் சாறும் கூட்டி, மூடியுள்ள உலோகத் தூக்கில் நிரப்ப வேண்டும். அதனை ஒரு வாளியில் வைத்து, சுற்றிலும் பொடித்த பனிக்கட்டி மூன்று பங்கும் கல்லுப்பு ஒரு பங்கும் அடுக்கடுக்காகப் பெய்ய வேண்டும். உப்புப் பட்ட பனிக்கட்டி உருகும். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைத் தூக்கிலிருந்தே ஈர்க்கும். உப்பும் பனிக்கட்டியும் நன்கு கலந்தால் சுழியத்திற்குக் கீழ் 21 பாகை செல்சியசு வரையிலும் குளிர் இறங்கக்கூடும். தூக்கைத் திருப்பித் திருப்பி, ஓரத்தில் உறைவதை அகப்பையால் சுரண்டிக் கலக்கிக்கொண்டே இருத்தல் வேண்டும். கலக்காமல் விட்டால் நீர் பெரும் பளிங்குகளாக உறைந்து, வாயில் மணல்போல் நறநறக்கும். கலக்கினால் பளிங்குகள் நுண்ணியவாகிப் பண்டம் மென்மையாகும். இவ்வேலைக்குக் கைவலிமையினும் பொறுமையே மிகுதியும் வேண்டும். நீர் காய்ச்சி ஆறியதாக இருத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். குளிர் நோய்க்கிருமிகளைத் துயில வைக்குமேயன்றி அழிக்காது.

இராயபுரத்துச் சிற்றறையில் தொடங்கிய வாணிகத்தின் முதலாண்டு விற்பனை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரூபாய். குச்சி ஐஸ் தள்ளுவண்டிகளில் தெருத்தெருவாகச் சென்று விலைபோயிற்று. விற்பனைத் தொகை வேறு, ஊதியம் வேறு என்பதை மாணவர் இங்கு அறிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு குச்சிக்கும் சில காசே விலை. அதிலும் சர்க்கரை, மின்சாரம், கூலி, வாடகை போக எஞ்சுவது மிகச் சிறிது. பட்டாசு விற்பவர்க்குத் தீபாவளியன்று விலைபோகாத சரக்கு உலர்ந்த கிடங்கில் காத்திருக்கும். ஐஸ் வண்டிக்காரர்க்கு அந்த வாய்ப்பு இல்லை. பெட்டிக்குள் எஞ்சியது மாலைக்குள் குழைந்துவிடும். குழைந்ததை மீண்டும் உறைய வைத்து விற்பது வாங்குவோர்க்குச் செய்யும் தீங்கு. சித்திரையிலும் வைகாசியிலும் வண்டிகள் போதா. ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டிகள் அசையா. கூலியும் வாடகையுமோ மழைக்காலத்திலும் நிற்பதில்லை.

சென்னையில் அப்போது தாசப்பிரகாசு போன்ற பெயர்பெற்ற நிறுவனங்கள் ஐஸ்கிரீம் விற்று வந்தன. பெரிய கடைகளும் உணவு விடுதிகளும் புதியவர்க்கு எளிதில் கதவு திறக்கவில்லை. சந்திரமோகன் அக்கதவுகளை முட்டிக்கொண்டு நிற்கவில்லை. பிறர் பொருட்படுத்தாத இடங்களைத் தேடினார். கல்லூரி மாணவர் விடுதிகளுக்கும், துறைமுகத்திற்கு வரும் கப்பல்களுக்கு உணவுப்பொருள் சேர்ப்பவர்களுக்கும் தம் சரக்கைக் கொடுக்கத் தொடங்கினார். விடுதி மாணவர் விடுமுறையில் தத்தம் ஊர்களுக்குச் சென்றபோது அப்பெயரும் உடன் சென்றிருக்கும் என்று எண்ணுதல் பொருந்தும். அப்பெயர் அருண் என்பது. அருணன் என்பான் கதிரவனின் தேர்ப்பாகன் எனப் புராணங்கள் கூறும். எப்பொருள் தன்னை உருக்குமோ அப்பொருளின் பாகன் பெயரையே தாங்கி ஒரு பனிப்பண்டம் விற்றது, நினைக்குந்தோறும் நகை விளைப்பது.

1980-களின் தொடக்கத்தில் அவர் எடுத்த முடிவே அனைத்தினும் கருதத்தக்கது. பெருநிறுவனங்கள் தலைநகரிலேயே போட்டியிட்டுக் கொண்டிருந்தபோது, அவர் சென்னையை விட்டு வெளியூர்களை நோக்கினார். சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் தம் பண்டத்தை மட்டுமே விற்கும் கடைகளை உள்ளூரார் வாயிலாகத் திறக்கச் செய்தார். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இதனுள் பெரியதொரு இடர் உண்டு. ஐஸ்கிரீம் ஒருமுறை இளகி மீண்டும் உறைந்தால் அதன் மென்மை போய்விடும். நுண்ணிய பளிங்குகள் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகும். ஆகவே செய்யுமிடத்தில் தொடங்கி, வண்டி, கிடங்கு, கடைப்பெட்டி, வாங்குவோர் கை வரையில் குளிர் ஓரிடத்திலும் அறுபடலாகாது. அன்றைய சிறு நகரங்களில் மின்சாரம் எப்போது நிற்கும் என்று எவர்க்கும் தெரியாது. டியூடரின் கப்பல் கண்ட அதே சிக்கலே நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இருந்தது. ஆனால் பாதி உருகினாலும் மீதியை விற்கலாம் என்னும் வசதி டியூடருக்கு இருந்தது, இவர்க்கு இல்லை. இவ்விடரைக் கண்டு மற்றவர் தயங்கிய ஊர்களே அவர்க்கு வாழ்வளித்த ஊர்கள் ஆயின.

1986-ஆம் ஆண்டில் அவர் தொழில் ஹட்சன் என்னும் பெயரில் கம்பெனியாகப் பதிவு பெற்றது. ஐஸ்கிரீமுக்குப் பால் வேண்டும். பாலைத் தேடிச் சென்றவர் பால் வாணிகத்திலேயே இறங்கினார். 1995-இல் ஆரோக்கியா என்னும் பெயரில் பால் விற்பனை தொடங்கிற்று. இந்திய நாட்டுத் தனியார் பால் நிறுவனங்களுள் ஹட்சன் இன்று முன்வரிசையில் நிற்கின்றது. பாலும் ஒருவகையில் ஐஸ் போன்றதே. கறந்த சில மணி நேரத்தில் குளிர்விக்காவிட்டால் திரிந்துபோகும். ஊர்தோறும் உழவரிடம் பாலைப் பெற்று விரைந்து குளிர்நிலையம் சேர்க்கும் வேலைக்கு, குச்சி ஐஸ் விற்ற காலத்துப் பழக்கம் எவ்வளவு உதவியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வரலாற்றைப் படித்த உடனே வேலையை உதறிவிடுதல் எளிது. வென்றவர் பெயரையே ஏடுகள் அச்சிடுகின்றன. அதே ஆண்டுகளில் தள்ளுவண்டியோடு தொடங்கி மழைக்காலத்தைத் தாண்ட முடியாது போனவர் எத்தனையோ பேர் இருந்திருப்பர். அவர்களுக்கு வரலாறு இல்லை. சந்திரமோகனும் ஐஸ்கிரீமோடு தொடங்கவில்லை. மிகக் குறைந்த கருவிகளால், மிகக் குறைந்த விலைக்குச் செய்யக்கூடிய குச்சி ஐஸோடு தொடங்கினார். அவர் துணிவு பெரிது, தொடக்கம் சிறிது.

இன்றும் விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளில் கோடை வந்தால் வீட்டிலேயே மாங்கூழையும் எலுமிச்சைச் சாற்றையும் நன்னாரிப் பாகையும் உறையவைத்து அண்டை வீட்டுச் சிறுவர்க்கு விற்கும் குடும்பங்கள் இருக்கக்கூடும். அவ்வாறு விற்பவர் எத்துணைச் சிறியவராயினும் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தம் தொழிலைப் பதிவு செய்துகொள்ளுதல் கடமை. பழம் அழுகலின்றி இருத்தல், நீர் காய்ச்சியதாக இருத்தல், கை தூயதாக இருத்தல் ஆகியவற்றைச் சட்டம் கேட்கும் முன்பே வாங்குவோர் கேட்பர். மின்சாரம் நின்றுபோனால் என் செய்வது என்று ஐயுறுவார்க்கு அனுபவம் வாய்ந்தோர் கூறும் விடை ஒன்றே: பெட்டியின் மூடியைத் திறவாதிருத்தல். நிரம்பிய பெட்டி, மூடியபடியே இருந்தால், பல மணி நேரம் தன் குளிரைத் தானே காத்துக்கொள்ளும். பாதி வெறுமையான பெட்டியோ விரைவில் உருகத் தொடங்கும்.